சனிக்கிழமை ஆடுவானா, மாட்டானா?

கேள்வி:

டாக்டர் மேடம் வணக்கம். நாங்க அட்லாண்டா பக்கம் ஜான்ஸ் க்ரீக்ல இருக்கோம். இங்க வந்த புதுசுல திங்கக்கிழமை ஆனா ஆபீஸ்ல எல்லாரும் காலேஜ் ஃபுட்பால், அதாவது அமெரிக்கன் ஃபுட்பால் தான் பேசுவாங்க, எனக்கு தலையும் புரியாது வாலும் புரியாது, சரி என்னதான் இருக்குனு பாக்க ஆரம்பிச்சவன் இப்ப ஜார்ஜியா யுனிவர்சிட்டி டீம் புல்டாக்ஸ்னா உசுரையே விடுவேன். 2022 ஜனவரில அலபாமாவ 33-18னு அடிச்சு 41 வருஷத்துக்கு அப்புறம் கப் வாங்கினப்ப சோஃபால உக்காந்து அழுதுட்டேன். ஆனா இப்ப வர்ற நியூஸ் எல்லாம் ஓவர் ஸ்பீடு, ரேஸ், குடிச்சுட்டு வண்டி, பொண்ண அடிச்சான்னு கேஸ், வெறுப்பா இருக்கு மேடம். இவனுங்களுக்கு ஃப்ரீ படிப்பு, கை நிறைய காசு, அப்புறமும் ஏன் இப்படி? வளர்ப்பு சரியில்ல, வேற என்ன. கோவத்துல ஒரு பையனோட இன்ஸ்டாவுல போய் நல்லா திட்டி கமெண்ட் போட்டேன். வீட்டுல வேற பிரச்சனை. பொண்ணு இங்க ஜார்ஜியா ஏதென்ஸ்ல அதே யுனிவர்சிட்டில ரெண்டாவது வருஷம் படிக்கிறா, லீவுக்கு வந்திருந்தப்ப நம்ம டீம் பையன் ஒருத்தன் மேல ஒரு பொண்ண தாக்கினதா கேஸ்னு நியூஸ் வந்துச்சு, சாப்பிட்டுட்டு இருந்தோம், நான் "அப்ப சனிக்கிழமை ஆடுவானா மாட்டானா"னு கேட்டேன், அவ்வளவுதான், தட்டுல பாதி சாப்பாட்ட வச்சுட்டு எழுந்து போயிட்டா. அன்னிலேர்ந்து டீம் டிஷர்ட் போடறதில்ல, மேட்ச் வந்தா ரூம விட்டு வர்றதில்ல. பையன் லெவன்த் படிக்கிறான், இப்பதான் லைசன்ஸ் வாங்கியிருக்கான், அவன் "சார்ஜஸ் எல்லாம் ட்ராப் ஆயிடும்பா, என்எஃப்எல் போயிடுவான் பாருங்க"ங்கறான், ப்ரொஃபஷனல் லீக்க சொல்றான். நான் எதுக்கு இவ்வளவு டென்ஷன் ஆகறேன், பசங்க ரெண்டு பேர்கிட்டயும் என்ன பேசறது, இந்த டீம பாக்கறதையே விட்டுடணுமா? பேர் போட வேணாம்.

பதில்:

வணக்கம் சார். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் ஃபுட்பால் பைத்தியம் கிடையாது, பைத்தியம் என் வீட்டுக்காரர், செப்டம்பர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் சனிக்கிழமை எங்க வீட்டுல ஒரு விசேஷத்துக்கும் போக முடியாது, அதனால உங்க லெட்டர படிச்சப்ப பாதி தெரிஞ்ச கதையாத்தான் இருந்துச்சு. என் வேலை காலேஜ் பசங்களுக்கும் அவங்க குடும்பங்களுக்கும் கவுன்சலிங், அந்தப் பக்கத்துலேர்ந்து தான் பேசப் போறேன்.

உங்க கோவம் எங்கேர்ந்து வருதுங்கறதுக்கு மனோதத்துவத்துல பழைய ஆராய்ச்சியே இருக்கு, அதுவும் காலேஜ் ஃபுட்பால வச்சே பண்ணது. ராபர்ட் சியால்டினினு ஒரு சோஷியல் சைக்காலஜிஸ்ட், அவரும் அவர் கூட இருந்தவங்களும் 1973 சீசன்ல ஏழு யுனிவர்சிட்டில, ஒஹையோ ஸ்டேட், நோட்டர் டேம், மிச்சிகன் மாதிரி பெரிய ஃபுட்பால் காலேஜ் எல்லாம் அதுல உண்டு, திங்கக்கிழமை க்ளாஸுக்கு எத்தனை ஸ்டூடண்ட்ஸ் காலேஜ் பேர் போட்ட டிரஸ் போட்டுட்டு வர்றாங்கனு எண்ணினாங்க. சனிக்கிழமை ஜெயிச்சிருந்தா டிஷர்ட் கூடும், தோத்திருந்தா குறையும். 1976ல அந்த பேப்பர் வந்துச்சு. பந்தை தொடாத ஆளு அந்த வெற்றில கொஞ்சம் எடுத்து தன் மேல பூசிக்கறான், அவ்வளவுதான் விஷயம், அதுல தப்பும் இல்ல. ஊரு விட்டு ஊரு வந்து, ஆபீஸ்ல ஒட்டாம உக்காந்திருந்த உங்களுக்கு இந்த டீம் தான் நாலு பேர்கிட்ட பேச வாய் கொடுத்துச்சு, அது சின்ன விஷயமில்ல.

ஆனா வெற்றிய பூசிக்கிட்டவன் மேல அழுக்கும் ஒட்டும்ல. ஏனோதானோனு பாக்கறவங்க டீமுக்கு கெட்ட பேர் வந்தா நைசா நழுவிடுவாங்க, உங்கள மாதிரி ஊறிப்போனவங்களால நழுவ முடியாது, அதனால ரெண்டுல ஒண்ணு பண்ணுவாங்க, ஒண்ணு அந்தப் பையனுக்கு சப்பக்கட்டு கட்டுவாங்க, இல்ல மத்த யாரையும் திட்டாத அளவுக்கு அவன போட்டு திட்டுவாங்க. பெல்ஜியத்துல 1988ல வந்த ஒரு ஆராய்ச்சில இதுக்கு கருப்பு ஆடுனே பேர் வச்சாங்க, வெளியாள் பண்ற அதே தப்ப விட நம்ம கூட்டத்து ஆள் பண்ற தப்பு தான் நமக்கு அசிங்கமா படும், ஏன்னா அது நம்ம பேர கெடுக்குது. இத உங்களுக்கே நீங்க டெஸ்ட் பண்ணி பாக்கலாம். உங்க எதிரி டீம் ஃப்ளோரிடா ப்ளேயர் யாராவது இதே மாதிரி மாட்டினா உங்களுக்கு கோவம் வருமா, இல்ல வாட்ஸ்அப்ல மீம் ஃபார்வர்ட் பண்ணுவீங்களா? மீம் தான்னா, உங்க கோவத்துல பெரும்பங்கு அந்த தப்பு மேல இல்ல சார், உங்க சட்டைல பட்ட கறை மேல. இத குத்திக்காட்ட சொல்லல, இதுதான் உங்க பொண்ணு எழுந்து போனதுக்கும் காரணம், அதனால சொல்றேன், அவ விஷயத்துக்கு கடைசில வர்றேன்.

"வளர்ப்பு சரியில்ல"ன்னு எழுதியிருக்கீங்க. இத நான் ஒத்துக்க மாட்டேன். நம்ம ஆளுங்க பார்ட்டில உக்காந்து இத சொல்லும்போது யாரோட வளர்ப்ப சொல்றாங்கனு எல்லாருக்கும் தெரியும், அந்த டீம்ல பெரும்பாலும் கறுப்பினப் பசங்கங்கறதால இந்த வார்த்தை ஈஸியா வாய்ல வந்துடுது. 2011ல ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டடும் சிபிஎஸ்ஸும் சேர்ந்து டாப் 25 டீம் ப்ளேயர்ஸ் எல்லாரோட போலீஸ் ரெக்கார்டையும் தோண்டினாங்க, 2,837 பேர்ல 204 பேர் மேல எதாவது கேஸ் இருந்துச்சு, நூத்துக்கு ஏழு. ஏழுங்கறது சின்ன நம்பர் இல்ல, அதுல அடிதடி மாதிரி சீரியஸ் கேஸ்களும் இருந்துச்சு, காலேஜ்கள் சேர்க்கறதுக்கு முன்னாடி ஒழுங்கா செக் பண்றதே இல்லனு தான் அந்த ரிப்போர்ட்டோட பெரிய குற்றச்சாட்டே. ஆனா மீதி 93 பேர் எந்த வம்புக்கும் போகாம படிச்சுட்டு ஆடிட்டு இருந்தவங்க, அவங்களும் இதே மாதிரி வீட்டுலேர்ந்து வந்தவங்க தான்.

அதோட, பசங்களையே பாத்துட்டு இருந்தா சுத்தி இருக்கற பெரியவங்க தப்பிச்சுக்கறாங்க. 2023 ஜனவரிய எடுத்துக்கோங்க, ஃபைனல்ல டிசியூ டீம 65-7னு துவைச்சுட்டு ஏதென்ஸ்ல வெற்றி ஊர்வலம் எல்லாம் முடிஞ்ச ராத்திரி, விடியக்காலைல பார்னெட் ஷோல்ஸ் ரோட்டுல அந்த ஆக்சிடென்ட். டீம் ப்ளேயர் டெவின் வில்லாக், 20 வயசு, ஸ்பாட்லயே போயிட்டான். வண்டி ஓட்டினது ப்ளேயர் இல்ல, சேண்ட்லர் லெக்ராய்னு டீமோட ரெக்ரூட்டிங் ஸ்டாஃப், அந்தப் பொண்ணுக்கு 24 வயசு, அவளும் போயிட்டா. ரத்தத்துல ஆல்கஹால் 0.197, சட்டப்படி லிமிட் 0.08. டீமோட ஸ்டார் ப்ளேயர் ஜேலன் கார்டர் ஓட்டின வண்டியோட நடந்த ரேஸ்ல அவ வண்டி 104 மைல் வேகத்த தொட்டுச்சுனு போலீஸ் சொன்னாங்க. லெக்ராய் ஓட்டின வண்டி ரெக்ரூட்டிங் வேலைக்குனு அத்லெடிக் டிபார்ட்மெண்ட் வாடகைக்கு எடுத்தது. இதுல எத யார் வளர்ப்புல சேர்ப்பீங்க? அதுக்கப்புறமும் ப்ளேயர்ஸ் ஸ்பீடு டிக்கெட் வாங்கறது நிக்கல, 2024ல கோச் கர்பி ஸ்மார்ட் பசங்களுக்கு ஸ்பான்சர் காசு வர்ற கலெக்டிவ் மூலமா ஃபைன் போடறோம்னு சொன்னாரு. ஃபைன் வேணாம்னு சொல்லல, ஆனா லட்சக்கணக்குல டாலர் வாங்கற பையனுக்கு ஃபைன் ஒரு செலவு கணக்கு. தண்டனை எவ்வளவு பெருசுங்கறத விட தப்பாம கிடைக்குமாங்கறது தான் ஆள மாத்தும், ஒரு மேட்ச் உக்கார வைக்கறது கூட அது சீசன் முதல்ல சப்ப டீமோட வர்ற கப்கேக் மேட்சா இருந்தா பையனுக்கு ரெஸ்ட் தானே, இது உங்களுக்கே நல்லா தெரியும்.

சரி, காலேஜ் விளையாட்டுக்கு ரூல் போடற அமைப்பு என்சிஏஏ, அது என்ன பண்ணுதுனு கேப்பீங்க. ஒஹையோ ஸ்டேட்ல அஞ்சு பசங்க, க்வார்ட்டர்பேக் டெரெல் ப்ரையர் உட்பட, தங்களோட சொந்த மெடல் மோதிரம் எல்லாம் வித்ததுக்கும் டாட்டூ தள்ளுபடில போட்டுக்கிட்டதுக்கும் 2010 டிசம்பர்ல ஆளுக்கு அஞ்சு மேட்ச் தடை, கடைசில கோச் ஜிம் ட்ரெஸலே ராஜினாமா பண்ணாரு. டெக்சாஸ்ல பேலர் யுனிவர்சிட்டில பொண்ணுங்க ப்ளேயர்ஸ் மேல கொடுத்த பாலியல் புகார்கள எப்படி அமுக்கினாங்கனு 2016ல அந்த யுனிவர்சிட்டி போர்டே வெளியிட்டுச்சு, ஃபுட்பால் ஸ்டாஃப் தாங்களே உள்ளுக்குள்ள ஒரு பஞ்சாயத்து நடத்திட்டு மேல சொல்லாம விட்டிருக்காங்கனு அதுலயே இருந்துச்சு, கோச் ஆர்ட் ப்ரைல்ஸ் போனாரு, ப்ரெசிடென்ட் கென் ஸ்டாரையும் பதவிலேர்ந்து எடுத்தாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு 2021 ஆகஸ்ட்ல என்சிஏஏ கமிட்டி என்ன சொல்லுச்சு தெரியுமா, நடந்தது மோசம் தான், ஆனா அத தண்டிக்க எங்க ரூல் புக்ல வழியில்லனு. டாட்டூவுக்கு ரூல் இருந்துச்சு. அந்த புத்தகம் யாருக்கு காசு போகுதுங்கறத காவல் காக்க எழுதினது, பொண்ணுங்கள காவல் காக்க எழுதினது இல்ல. உங்க கோவத்துக்கு ஒரு நல்ல இடம் வேணும்னா இது இருக்கு, பத்தொம்பது வயசுப் பையனோட இன்ஸ்டா பக்கம் வேணாம். அந்த கமெண்ட்ட இன்னிக்கே எடுத்துடுங்க சார். அவன் தப்பு பண்ணானா இல்லையானு கோர்ட் பாக்கும், உங்க பையனும் அதே ஆப்புல தான் இருக்கான், அப்பா என்ன எழுதியிருக்காருனு அவன் பாக்க ஒரு நிமிஷம் ஆகாது.

பையன் விஷயம். அவன் சொல்றது முழுக்க பொய்யில்ல, அத முதல்ல ஒத்துக்கோங்க. கார்டர் மேல இருந்த ரெக்லெஸ் டிரைவிங், ரேஸிங் ரெண்டுக்கும் மறுத்து வாதாடல, 12 மாசம் ப்ரொபேஷன், 1,000 டாலர் ஃபைன், 80 மணி நேரம் சமூக சேவை, அடுத்த மாசமே என்எஃப்எல் ட்ராஃப்ட்ல ஈகிள்ஸ் டீம் அவர ஒன்பதாவது ஆளா எடுத்துச்சு, 2025 பிப்ரவரில என்எஃப்எல் ஃபைனல் சூப்பர் பௌலும் ஜெயிச்சாச்சு. "இப்படி பண்ணா லைஃப் போயிடும்டா"ன்னு நீங்க ஆரம்பிச்சா பையன் ஃபோன எடுத்து சூப்பர் பௌல் ஃபோட்டோவ காட்டுவான், நீங்க காலி. ஆட்டத்த தனியா, ஆள தனியா பிரிச்சு வச்சு ரசிக்கறத மனுஷங்க எல்லாரும் பண்றோம், 2013ல இத பத்தி நல்ல ஆராய்ச்சி வந்துச்சு, தப்ப நியாயப்படுத்தறத விட இப்படி பிரிச்சு வைக்கறது மனசுக்கு ரொம்ப ஈஸினு கண்டுபிடிச்சாங்க. பையன் பண்றது அதுதான். அதனால கேரியர் பத்தி பேசவே பேசாதீங்க. வில்லாக் பத்தி பேசுங்க. அவன் வண்டி ஓட்டல, ஏறி உக்காந்தான், அவ்வளவுதான். உங்க பையன் இப்ப இருக்கற வயசுல ஆபத்து அவன் ஓட்டறதுல பாதி, ஃப்ரெண்ட் வண்டில "வாடா ஒரு ரவுண்டு"னு ஏறறதுல பாதி.

அப்புறம் லெக்சர் இல்லாம ரெண்டே ரெண்டு விஷயம் பேசி முடிவு பண்ணிக்கோங்க. ஜார்ஜியால அவனோட க்ளாஸ் டி லைசன்ஸுக்கு ராத்திரி 12லேர்ந்து காலைல 5 வரைக்கும் ஓட்டக்கூடாது, முதல் ஆறு மாசம் குடும்பத்து ஆளுங்கள தவிர யாரையும் ஏத்தக்கூடாது, 21 வயசுக்குள்ள லிமிட்ட விட 24 மைலோ அதுக்கு மேலயோ போனா லைசன்ஸ் சஸ்பெண்ட், இதெல்லாம் அவனுக்கு டிரைவிங் ஸ்கூல்ல சொல்லியிருப்பாங்க, அத வீட்டு ரூலாவும் ஆக்கிடுங்க, நீங்க 400 ஹைவேல எண்பது மைல்ல போறத நிறுத்திட்டு ஆக்குங்க, பசங்க அத எண்ணிட்டு தான் இருப்பாங்க. ரெண்டாவது, எந்த நேரத்துல எந்த நிலைமைல கூப்பிட்டாலும் நீங்க போய் கூட்டிட்டு வருவீங்க, அன்னிக்கு ராத்திரி ஒரு கேள்வியும் கிடையாது, மறுநாள் மத்தியானம் பேசிக்கலாம். நம்ம வீடுகள்ல இந்த ரெண்டாவது தான் கஷ்டம். "குடிச்சியா, யாரு கூட, எவ்வளவு நாளா"னு கார்லயே ஆரம்பிச்சுடுவோம், அதுக்கு பயந்தே பசங்க இன்னொரு குடிகாரப் பையன் வண்டில ஏறுவாங்க. வாய அடக்க முடியாதுனா உங்க வீட்டம்மாவ அனுப்புங்க.

டீம விட்டுடணுமானு கேட்டீங்க. விட சொல்ல மாட்டேன். விட்டாலும் ஒரு சீசன் தாங்காது, ரோஸ் பௌல் மாதிரி சீசன் கடைசி பெரிய மேட்ச் வரைக்கும் டீம் போனா திரும்ப சோஃபால உக்காந்துடுவீங்க, இது என் வீட்டுலயே பாத்தாச்சு. ஆனா நீங்க சீசன் டிக்கெட் ஆளா இருந்தா ஹார்ட்மேன் ஃபண்டுக்கு டொனேஷன் கொடுத்து தான் அந்த சீட் வாங்கியிருப்பீங்க, ரென்யூ பண்ணும்போது அத்லெடிக் டிபார்ட்மெண்ட்டுக்கு ஒரு மெயில் போட்டு கேளுங்க, கைதானா என்ன பாலிசி, யாரு முடிவு பண்றாங்க, கோச்சா இல்ல யுனிவர்சிட்டியா, வேற காலேஜ்லேர்ந்து ட்ரான்ஸ்ஃபர் ஆகி வர்ற பையனோட பழைய கேஸ யாரு பாக்கறாங்க. இந்த கடைசி கேள்வி வெறும் கேள்வி இல்ல, ஜார்ஜியாலேர்ந்து கேஸ்ல வெளியேத்தின ஒரு பையன அலபாமா சேத்துக்கிட்டு அங்கயும் அவன் கைதானதுக்கு அப்புறம் தான் 2015ல இந்த டீம்கள் ஆடற லீக் எஸ்இசி, பெண்கள் மேல வன்முறைனு வெளியேத்தப்பட்டவங்கள சேர்க்கக்கூடாதுனு ரூலே கொண்டு வந்துச்சு. சத்தம் வந்தா ரூல் வரும். டொனேஷன் கொடுக்கறவங்க மெயிலுக்கு மதிப்பு ஜாஸ்தி, இது கொஞ்சம் கசப்பான உண்மை தான்.

இப்ப பொண்ணு. நெப்ராஸ்கா 1995 டீம் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க, காலேஜ் ஃபுட்பால்லயே சூப்பர் டீம்னு இன்னிக்கும் சண்டை போடுவாங்க, ஃபைனல்ல ஃப்ளோரிடாவ 62-24னு அடிச்சாங்க. அந்த டீம்ல லாரன்ஸ் ஃபிலிப்ஸ்னு ரன்னிங் பேக், பந்த தூக்கிட்டு ஓடற ஆளு, சீசன் ஆரம்பத்துல தன்னோட முன்னாள் கேர்ள்ஃப்ரெண்ட அடிச்சு மாடிப்படில இழுத்துட்டு போனான், அந்தப் பொண்ணும் அதே யுனிவர்சிட்டில பாஸ்கெட்பால் ஆடினவ. கோச் டாம் ஆஸ்போர்ன், ஃபுட்பால் இல்லனா இவன் இன்னும் கெட்டுப்போவான், கட்டுப்பாடு வேணும்னு சொல்லி ஆறு மேட்ச் கழிச்சு திரும்ப சேத்துக்கிட்டாரு, ஃபைனல்ல அவன் 165 யார்டு ஓடினான். அப்புறம் அவன் கதை ஜெயில்ல போய் 2016ல ஜெயில்லயே முடிஞ்சுது. ஆஸ்போர்ன் உண்மையாவே அந்தப் பையன காப்பாத்த தான் நினைச்சிருப்பாருனு எனக்கும் தோணும், ஆனா அந்த வருஷம் அதே கேம்பஸ்ல அந்தப் பொண்ணு எந்த வழியா க்ளாஸுக்கு போனா, அவன் பேர ஸ்டேடியமே கத்தும்போது எங்க உக்காந்திருந்தா, இத கேட்டவங்க ரொம்ப கம்மி. 62-24 எல்லாருக்கும் மனப்பாடம்.

உங்க பொண்ணு இப்ப அந்த மாதிரி ஒரு கேம்பஸ்ல தான் இருக்கா. அந்த நியூஸ்ல உங்களுக்கு தெரிஞ்சது ப்ளேயர், அவளுக்கு தெரிஞ்சது அந்தப் பொண்ணு. நீங்க கேட்ட முதல் கேள்வி சனிக்கிழமைய பத்தி. அவ கோவம் டீம் மேலனு நினைச்சு "கேஸ் இன்னும் ப்ரூவ் ஆகலையேம்மா"னு பேச போயிடாதீங்க, அது கோர்ட்டுக்கு வேண்டிய பேச்சு, யாரையும் ஜெயில்ல போடலாமாங்கறதுக்கு அந்த அளவுகோல் வேணும், சாப்பாட்டு மேஜைல "அந்தப் பொண்ணு எப்படி இருக்கா"னு கேக்கறதுக்கு எந்த ஆதாரமும் தேவையில்ல. அவ கவனிச்சிருக்கறது ஒண்ணு தான், நாளைக்கு தனக்கோ தன் ரூம்மேட்டுக்கோ எதாவது ஆனா அப்பா முதல்ல என்ன கேப்பாருனு.

ஃபோன்ல வேணாம், ஒரு நாள் ஏதென்ஸ் போயிட்டு வாங்க, ரெண்டு மணி நேரத்துக்குள்ள தான், மேட்ச் இல்லாத நாளா பாத்து போங்க. அன்னிக்கு நான் கேட்டது தப்பான கேள்வி, நீ எழுந்து போனது சரினு சொல்லுங்க, அதுக்கு மேல விளக்கம் வேணாம். கேம்பஸ் எப்படி இருக்கு, ராத்திரி லைப்ரரிலேர்ந்து எப்படி வர்றேனு சாதாரணமா கேளுங்க. டிஷர்ட் பேச்சே எடுக்காதீங்க, அவ திரும்ப போட்டாலும் போடலனாலும் அது அவ சட்டை.

அவ எதாவது சொன்னா, தன்ன பத்தியோ ஃப்ரெண்ட பத்தியோ, அங்கயே போலீஸுக்கு ஃபோன் போடறேன், டீன பாக்கறேன்னு குதிக்காதீங்க. நம்ம அப்பாக்கள் எல்லாம் அங்க தான் தப்பு பண்ணுவாங்க, பொண்ணுக்காக பேசறேன்னு பொண்ணு கைலேர்ந்து விஷயத்த பிடுங்கிடுவாங்க. "இப்ப நான் என்ன பண்ணணும்னு நீ நினைக்கற"னு கேளுங்க. யுனிவர்சிட்டில பாலியல் புகார்கள பாக்கற டைட்டில் நைன் ஆபீஸ் இருக்கு, கவுன்சலிங் சென்டர் இருக்கு, கவுன்சலர்கிட்ட பேசறது ரகசியமாவே இருக்கும், உயிருக்கு ஆபத்துங்கற மாதிரி நிலைமை இருந்தா தான் அத மீறுவாங்க, கம்ப்ளைன்ட் கொடுக்கறதா வேணாமானு அப்புறம் அவளே முடிவு பண்ணலாம். ஒண்ணுமே சொல்லலனா அதுவும் பரவால்ல, சாப்பிட கூட்டிட்டு போயிட்டு வந்துடுங்க.